கூடுதல் முப்பது நிமிடங்கள்

சிங்கப்பூரில் அறுபதைத் தாண்டிய யாரிடமாவது 1977 என்று சொன்னால் போதும், கதை தானாக வரும். மலேசியக் கிண்ணம், கோலாலம்பூர், பினாங்கு அணி, 3-2, குவா கிம் சோங். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட சாமி பேரைச் சொல்வது போல, ‘அங்கிள் சூ’. சூ செங் குவீ. அந்த அணியின் பயிற்றுநர். ஆட்டக்காரர்கள், நிருபர்கள், டிக்கெட் வாங்க நின்றவர்கள் எல்லாருக்கும் அவர் அங்கிள்தான்.

கதையின் சுருக்கம் இது. நல்ல அணி ஒன்று தோற்றுக்கொண்டே இருந்தது. கண்டிப்பான கிழவர் ஒருவர் வந்தார். திட்டினார், ஓட வைத்தார், விடியலில் எழுப்பினார். கோப்பை வந்தது. 2008இல் ‘காலாங் ரோர்’ என்று இதைப் படமாகவே எடுத்தார்கள், சூவாக லிம் கே சியூ நடித்தார். கதை கச்சிதமாக இருக்கிறது. எனக்கு அந்தக் கச்சிதம்தான் இடிக்கிறது. நான் பொறியாளன். ஒரே நேரத்தில் பத்து விஷயத்தை மாற்றிவிட்டு, இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் கடைசியாக முடுக்கிய திருகுக்கு மாலை போடும் வழக்கத்தை வேலையிடத்தில் தினமும் பார்க்கிறேன். அதனால் இந்தப் பருவத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் அந்தக் கோப்பை. 1921இல் எச்எம்எஸ் மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் ஆட்கள் கொடுத்தது. முதல் இறுதியாட்டத்தில் சிலாங்கூரை வென்று கோப்பையைத் தூக்கியது சிங்கப்பூர். அதன் பிறகு இந்த இரண்டு அணிகளுக்கும் இடையில் நடந்தது பங்காளிச் சண்டை மாதிரி. மலாய் மாநிலங்களுக்கு இடையிலான போட்டி அது. 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. ஆனாலும் கோப்பையிலிருந்து விலகவில்லை. ஐநாவில் ஒரு நாடு, காற்பந்தில் மட்டும் பக்கத்து நாட்டின் ஒரு மாநிலம் மாதிரி! இந்த விசித்திரத்தை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தனி நாடான பிறகு சொந்தக் கொடியோடு போய், பழைய வீட்டின் கூடத்தில் நின்று ஜெயித்துக் காட்டுவது என்பதில் ஒரு தனி ருசி இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த ருசிதான் கிடைக்கவில்லை. 1965இல் கோப்பையை வென்றதோடு சரி. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் வறட்சி. 1974இல் அரையிறுதியில் பினாங்கிடம் தோல்வி. 1975 இறுதியில் சிலாங்கூரிடம் 0-1. 1976 இறுதியில் அதே சிலாங்கூரிடம் 0-3.

இந்த வரிசையைக் கவனியுங்கள். அரையிறுதி, இறுதி, இறுதி. சூ வருவதற்கு முன்பே அந்த அணி கோப்பையின் வாசல்வரை போய்விட்டது. சிதறிக் கிடந்த அணியை ஒருவர் வந்து ஒட்டவைத்தார் என்று சொல்ல முடியாது. வாசலில் நின்றவர்களை உள்ளே தள்ளிவிட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம். சின்ன வேலை மாதிரி தெரியும். ஆனால் வாசல்வரை கொண்டுபோவதைவிட அது கடினம் என்று நினைக்கிறேன்.

வாசல்வரை கொண்டுவந்ததில் ஒரு தமிழருக்குப் பெரிய பங்கு உண்டு. நடேசன் கணேசன், வழக்கறிஞர். எழுபதுகளின் நடுவில் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தை நடத்தியவர். ஜாலான் புசார் அரங்கில் நடந்துகொண்டிருந்த மலேசியக் கிண்ண ஆட்டங்களைக் காலாங்கில் 1973இல் திறந்த தேசிய விளையாட்டரங்கத்துக்கு மாற்றியதில் முன்னால் நின்றவர் அவர். ஜாலான் புசார் 1929இல் திறந்த அரங்கு, தேக்காவிலிருந்து நடந்து போகிற தூரம்தான். கொள்ளளவு சின்னது. காலாங்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் உட்காரலாம். மாற்றும்போது, இவ்வளவு பெரிய அரங்கை யார் நிரப்புவார்கள் என்ற கேள்வி கட்டாயம் எழுந்திருக்கும். நிரம்பியது.

கிளமெண்டியில் எங்கள் புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளி இருக்கும் என் பெரியப்பா அந்தக் கூட்டத்தில் ஒருவர். கிளமெண்டி புதுநகர் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. அவர் வேறு இடத்தில், சைக்கிள் தூரத்தில் இருந்தார். ‘ராத்திரியே போயி கியூ போட்டுருவோம்டா. பாய் விரிச்சுப் படுத்தவனும் உண்டு. உள்ள போனா உக்கார்றது எங்க? எல்லாரும் நின்னுக்கிட்டேதான் பாப்போம். அந்தப் பலகையில ஒரே நேரத்துல காலத் தட்டுனா, நெஞ்சுக்குள்ள அதிரும்’ என்பார். அவர் மிகைப்படுத்தவில்லை. பழைய அரங்கின் இருக்கைகள் நீள மரப்பலகைகள். ஐம்பதாயிரம் பேர் பலகையில் மிதித்தால் அது ஒரு தோல்கருவிதான். ‘காலாங் ரோர்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்த சத்தம் பாதி தொண்டையிலிருந்தும் பாதி பாதங்களிலிருந்தும் வந்தது என்பது என் ஊகம். அரங்கை 2010இல் இடித்தார்கள். பலகைகளில் சில மேசை நாற்காலியாகி ஊருக்குள் எங்கெங்கோ இருக்கின்றன.

ஆக, அரங்கு இருக்கிறது, சத்தம் இருக்கிறது, ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டு இறுதியாட்டம் தோற்றாயிற்று. கணேசன் இப்போது கூப்பிட்டது, சங்க நிர்வாகிகளோடு ஒத்துப்போகாதவர் என்று பெயரெடுத்த ஒரு மனிதரை. அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி.

சூ செங் குவீயின் வாழ்க்கையை ஒரு வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கிறுகிறுக்கிறது. 1914இல் பிறந்தவர். சிங்கப்பூருக்காக ஆடியவர். 1951இல் புதுடில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது இந்தோனேசிய அணியின் பயிற்றுநர் அவர். அப்போது இந்தோனேசியா விடுதலை அடைந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஐம்பதுகளின் கடைசியில் மலாயா அணிக்குப் போனார். மெர்டேக்கா போட்டியில் மலாயா 1958, 1959, 1960 என்று வரிசையாக வென்ற காலம் அவருடையது. 1960இல் கோப்பையைத் தென்கொரியாவோடு பகிர்ந்துகொண்டார்கள். 1962 ஜக்கார்த்தா ஆசியப் போட்டியில் மலாயாவுக்கு வெண்கலம். அப்புறம் தனி நாடான சிங்கப்பூரோடு 1966 பாங்காக் ஆசியப் போட்டி, நான்காம் இடம். மூன்று புதிய நாடுகள், மூன்று கொடிகள், ஒரே வாத்தியார்.

இங்கே இன்னொரு வாத்தியாரைச் சொல்லாமல் போக முடியவில்லை. ‘மைதான்’ படம் பார்த்தவர்களுக்கு ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீமைத் தெரிந்திருக்கும். 1951இலும் 1962இலும் இந்தியாவுக்கு ஆசியத் தங்கம் வாங்கித் தந்தவர், நிஜமாகவே பள்ளி ஆசிரியர். 1951 டில்லியில் தங்கத்துக்கான பாதையில் இந்தியாவின் முதல் ஆட்டம் இந்தோனேசியாவோடு. இந்தியா 3-0. அதாவது ஒரு பக்கக் கோட்டில் ரஹீம், மறுபக்கம் சூ! பதினோரு வருடம் கழித்து ஜக்கார்த்தாவில் மறுபடி இருவரும் ஒரே ஊரில். ரஹீமுக்குத் தங்கம், சூவுக்கு வெண்கலம். அந்த இந்திய அணியில் செகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம் இருந்தார். ரஹீம் அப்போதே நுரையீரல் புற்றுநோயோடு இருந்தார், அடுத்த வருடம் இறந்துபோனார். உடம்பு போய்க்கொண்டிருக்கும்போது கடைசிப் பருவத்தை ஆடிய இரண்டு பேர். ஆனால் சூவின் முறை வர இன்னும் பதினைந்து வருடம் இருந்தது.

1977இன் தொடக்கம் வெற்றியோடு அமையவில்லை. 1978 உலகக் கிண்ணத்துக்கான தகுதிச்சுற்று பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சிங்கப்பூரிலேயே நடந்தது. ஹாங்காங், மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர். தாய்லாந்தை 2-0 என்று வென்றார்கள். ஹாங்காங்கோடு 2-2. மலேசியாவை 1-0. அதற்குப் பிறகு இந்தோனேசியாவிடம் 0-4 என்று மண்ணைக் கவ்வினார்கள். ஆனாலும் முதல் இரண்டு இடங்களுக்குள் இருந்ததால் பிரிவின் இறுதியாட்டத்துக்குப் போனார்கள். காலாங்கில், சொந்த மக்கள் முன்னால், ஹாங்காங்கிடம் 0-1.

படங்கள் இந்த மாதிரி இடத்தில் அவசரமாக நகர்ந்துவிடும். எனக்கு இந்த 0-1தான் பருவத்தின் மையம். ஒரு புதிய பயிற்றுநர் வருகிறார், முதல் பெரிய சோதனையில் சொந்த மண்ணில் தோற்கிறார். அணி தொடர்ந்து மூன்றாவது தடவையாகக் கடைசி ஆட்டத்தில் விழுந்திருக்கிறது. 1975, 1976, இப்போது மார்ச் 1977. ‘இவங்க கடைசில கோட்டை விடுறவங்கப்பா’ என்று காப்பிக்கடையில் முத்திரை குத்த இது போதும். ஆட்டக்காரர்களே தங்களைப் பற்றி அப்படி நினைக்கத் தொடங்கியிருக்கலாம். மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்கு நடுவில் இரண்டரை மாதம்தான்.

அந்த இரண்டரை மாதத்தில் ஒருவர் என்ன செய்ய முடியும்? புதுத் திறமையைக் கற்றுத்தர முடியாது. டோலா காசிமுக்குப் பந்தை எப்படி வளைத்து எடுத்துப்போவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இடுப்பை ஆட்டி எதிராளியை ஏமாற்றும் அவரது ‘கெலெக்’ ஏற்கெனவே பிரபலம். குவா கிம் சோங்கின் வேகமும் தலையால் முட்டும் வித்தையும் அண்ணன்கள் நிறைந்த ஒரு காற்பந்துக் குடும்பத்திலிருந்து வந்தவை. எஸ். ராஜகோபால் வாழைப்பழம் போல வளைத்து அடிக்கும் பந்துக்காகக் கூட்டம் காத்திருந்த காலம் அது. அவருக்கு ‘கேமல்’ என்று செல்லப்பெயர் வேறு.

சூ செய்தது வேறு. அவருடைய முறையைப் பற்றி எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்வது மூன்று விஷயம். சுவரில் பந்தை அடித்து அடித்துப் பலவீனமான காலைப் பழக்குவது. உடல்வலு, ஓட்டம், திரும்ப ஓட்டம். பிறகு தேசிய கீதத்தை வாய்விட்டுப் பாட வைப்பது. முதலாவது அடிப்படை, பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வது. மூன்றாவதைப் பற்றி இன்றைக்குச் சிரிக்கலாம். ஆனால் ‘மாஜுலா சிங்கப்பூரா’ அப்போது ஒரு புது நாட்டின் பாட்டு, அதைப் பாடிய தலைமுறையில் பலர் பிறந்தது வேறொரு கொடியின் கீழ். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்.

1977 மே 28. கோலாலம்பூர், மெர்டேக்கா அரங்கம். 1957இல் மலாயாவின் விடுதலை அறிவிக்கப்பட்ட அதே இடம். மெர்டேக்கா போட்டியில் சூ மலாயாவுக்குக் கோப்பை வாங்கித் தந்ததும் அங்கேதான். இப்போது எதிர்ப்பக்கத்து ஆளாக வந்து நிற்கிறார். தொண்ணூறு நிமிடத்தில் ஆட்டம் முடியவில்லை, சமநிலை. கூடுதல் முப்பது நிமிடத்துக்குப் போனது. முடிவில் சிங்கப்பூர் 3, பினாங்கு 2. குவா கிம் சோங் இரண்டு, முகமது நோ ஒன்று.

சிங்கப்பூர் வென்றது தொண்ணூறு நிமிட ஆட்டத்தை அல்ல, நூற்றிருபது நிமிட ஆட்டத்தை. வெப்பமண்டலத்து மே மாதத்தில், ஒரு நீண்ட பருவத்தின் கடைசியில், கூடுதல் நேரத்தில் கால்களில் என்ன மிச்சமிருக்கிறது என்பதே கேள்வி. திறமை அங்கே இரண்டாம்பட்சம். இந்த ஒரு இடத்தில் நான் கதையை ஒத்துக்கொள்கிறேன், கிழவர் ஜெயித்தார். விடியற்காலை ஓட்டங்கள் எல்லாம் அந்த முப்பது நிமிடத்துக்குக் கட்டிய முன்பணம்.

ஆனால் கண்டிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கிள் சூவின் கதையை இங்கே பெரும்பாலும் கண்டிப்புக்கு விளம்பரமாகத்தான் சொல்கிறார்கள். ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு அவர மாதிரி ஒருத்தர் வேணும்’ என்று முடியும். எழுபதுகள் சிங்கப்பூரில் ஒழுங்கின் காலம். நீளமுடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அரசு அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டியிருந்த காலம். 1972இல் முடிநீளத்துக்காகவே லெட் செப்பெலின் கச்சேரி நடக்காமல் போன ஊர். அந்தக் காலத்தின் நாயகனாக ஒரு கண்டிப்பான பயிற்றுநர் பொருந்திவிடுகிறார். என் பல்கலைக்கழக விடுதி அணிக்கு ஒரு பருவம் புதிதாக வந்த கோச்சும் கத்துவார், ஓட வைப்பார், வாந்தி எடுக்க வைப்பார். நாங்கள் ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. கத்துவதற்கு யாராலும் முடியும். சூவிடம் ஆட்டக்காரர்கள் ‘அங்கிள்’ என்று ஏன் போனார்கள் என்பதை வெறும் கண்டிப்பு விளக்காது. சீன, மலாய், இந்திய, யுரேசியப் பையன்கள் கலந்த அணியை மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்து திட்டியவர் அவர். திட்டு வாங்கியவர்கள்தான் பின்னாளில் அவர் பேரைச் சொல்லும்போது நெகிழ்ந்துபோனவர்கள்.

அந்தப் பருவத்தின் விலையை அதிகம் கொடுத்ததும் அவரே. பயிற்சித் திடலில் காலில் ஏற்பட்ட ஒரு காயம். மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். சர்க்கரை நோயாளிக்கு ஆறவில்லை. ரத்த ஓட்டம் குறைந்து, நரம்பு மரத்து, வலியே தெரியாமல் புண் உள்ளுக்குள் போவது எப்படி என்று நம் வீடுகளில் பலருக்குத் தெரியும். என் தாத்தாவுக்கு அப்படித்தான் ஒரு விரல் போனது. சூவுக்குக் கால் போனது. திசு அழுகி, அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த கோப்பையை 1980இல் இளம் பயிற்றுநர் ஜீத்தா சிங்கின் அணி வென்றது, ஃபாண்டி அகமது அதில் ஆடினார். சூ 1983இல் இறந்தார்.

இந்தக் கதையைத் தமிழில் ஏன் எழுத வேண்டும் என்று நண்பன் கேட்டான். சீனப் பயிற்றுநர், மலாய் நட்சத்திரங்கள், ‘நம்ம ஆளு’ யாருடா இருக்கா என்றான். கணேசனைச் சொன்னேன், ராஜகோபாலைச் சொன்னேன். பிறகு அணித்தலைவரின் பெயரைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சமது அல்லாபிச்சை. நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் நாட்டுக்காக ஆடிய தற்காப்பு ஆட்டக்காரர். ஆங்கிலத்தில் எழுதும்போது அது ஏதோ அந்நியப் பெயர் மாதிரி இருக்கும். தமிழில் எழுதினால் அல்லா, பிச்சை. நாகூர்ப் பக்கத்திலும் காரைக்காலிலும் மாரிப்பிச்சை, பிச்சையம்மா என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு வைக்கும் பெயர். அந்தப் பெயர் கொண்டவர்தான் 1977இல் கோப்பையை வாங்கினார். நான் படித்த சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளில் துறைமுகம் உண்டு, ரப்பர் தோட்டம் உண்டு, தேக்கா உண்டு, திண்ணைப் பேச்சும் உண்டு. ஐம்பதாயிரம் பேர் ஒன்றாகப் பலகையை மிதித்த ஒரு இரவு இல்லை. எனக்கு இது ஒரு குறையாகவே படுகிறது.

அதற்குப் பிறகு நடந்தது நீண்ட கதை, வேகமாகச் சொல்கிறேன். 1994இல் டக்ளஸ் மோர் பயிற்றுநராக இருந்தபோது லீக்கும் கிண்ணமும் ஒன்றாக வந்தன, இறுதியில் பகாங்கை 4-0. உடனே சூதாட்டப் புகார்கள், நுழைவுக்கட்டணப் பங்கு பற்றிய தகராறு, விலகல். 1996இல் சொந்த லீக். எங்கள் பேட்டைக்கும் அதில் ஒரு குழு கிடைத்தது, 1999இல் சேர்ந்த கிளமெண்டி கால்சா. சீக்கியச் சமூகத்தின் குழு, சில வருடத்தில் பாலஸ்டியர் குழுவோடு இணைந்து பாலஸ்டியர் கால்சா ஆகிவிட்டது. கிளமெண்டி என்ற பெயர் லீக்கிலிருந்து போனது, அரங்கம் மட்டும் இருக்கிறது. நான் சாயங்காலம் ஓடுவது அங்கேதான்.

2012இல் சிங்கப்பூர் மறுபடி மலேசிய லீக்குக்குள் போனபோது அணிக்குப் பெயர் லயன்ஸ் 12. புது அணி, இளம் அணி. தலைமைப் பயிற்றுநர் வி. சுந்தரமூர்த்தி, 1990இல் சிங்கப்பூரை இறுதியில் வீழ்த்திய கெடா அணிக்காக ஆடியவர். முதல் வருடம் இரண்டாம் இடம், 2013இல் முதலிடம். பட்டத்தை உறுதிசெய்த ஆட்டம் ஜூலை 2, ஜாலான் புசாரில், ஃபெல்டா யுனைடெட்டை 4-0. எனக்குப் பதினாறு வயது. பெரியப்பாதான் கூட்டிப் போனார். சில ஆயிரம் பேர், பிளாஸ்டிக் இருக்கைகள், செயற்கைப் புல். நான்காவது கோல் விழுந்தபோது நான் கத்திக்கொண்டிருந்தேன், அவர் இருக்கைக்கு அடியில் கான்கிரீட்டைக் காலால் தட்டிப் பார்த்தார். ‘சத்தமே வரலையே’ என்றார்.

லயன்ஸ் 12 அணி 2015 முடிவில் கலைக்கப்பட்டது.

ஃபேரர் பார்க் திடல்கள் இன்னும் இருக்கின்றன. 1933வரை குதிரைப் பந்தயத் திடலாக இருந்த இடம், ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதன் மிச்சம். எழுபதுகளின் ஆட்டக்காரர்கள் பலர் உருவான மண். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போனால் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள், ஓரத்தில் யாராவது பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருப்பார்கள். சுமார் 1,600 வீவக வீடுகள் அங்கே வரப்போவதாக 2021இல் அறிவித்தார்கள். விளையாட்டு வசதிகளையும் சேர்த்தே கட்டுவார்களாம்.